எழும்பூர் கண் மருத்துவமனைக்கு ஒரு நிரந்தரக் காட்சிக்கூடம்: எந்த இடம், யார் கதை?

எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பொதுமக்களுக்கென்று ஒரு நிரந்தரக் காட்சிக்கூடம் அமைப்பதானால், வேறெந்த அருங்காட்சியகத்துக்கும் வராத ஒரு சிக்கலில்தான் வேலையே தொடங்கும். பார்க்க வருகிறவர்களில் பலருக்கு அன்றைக்குப் பார்வை சரியாகத் தெரியாது. கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டபின் பல மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து கலங்கும், வெளிச்சம் கூசும். புரை முற்றியவருக்கு எல்லாம் பனிமூட்டம். கண்ணழுத்த நோய் உள்ளவருக்குப் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டிருக்கும். இவர்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இடத்தையும் கதையையும் பொருளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அழகான ஒரு கூடம் அமையும், ஆனால் அந்த மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாத கூடமாக இருக்கும்.

சொல்வதற்குக் கதை ஏராளம் இருக்கிறது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805இல் தொடங்கியது. அங்கே பயின்ற டாக்டர் ரிச்சர்ட்சனைக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே அனுப்ப, 1819இல் ராயப்பேட்டையில் ஒரு சிறிய கண் மருந்தகம் பிறந்தது. 1884இல் அது எழும்பூருக்கு வந்தது. கண்ணுக்கென்றே ஏற்பட்ட மருத்துவமனைகளில் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்த மூத்தது என்ற பெயர் இதற்கு உண்டு. இங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் எலியட் பெயரில் பழைய அருங்காட்சியகம் ஒன்றும் ஏற்கெனவே இருக்கிறது. அது மருத்துவம் படிக்கிறவர்களை நினைத்து வளர்ந்த தொகுப்பு. பொதுமக்களுக்கு என்று யோசித்தால் மூன்று வழிகள் எதிரே நிற்கின்றன: அந்தப் பழைய கட்டடத்தையே விரித்துப் பெரிதாக்குவது, சாலையோரமாகப் புதிய கட்டடம் எழுப்புவது, புறநோயாளிகள் காத்திருக்கும் இடத்துக்கே கூடத்தைக் கொண்டுபோவது.

பழைய கட்டடம்

பழைய அறைக்கு உள்ள வலிமை தனி. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடலின் புல்ஃபிஞ்ச் கட்டடத்தின் உச்சியில் ஈதர் டோம் என்ற குவிமாட அரங்கு இருக்கிறது. 1846 அக்டோபர் 16 அன்று மார்ட்டன் என்பவர் நோயாளிக்கு ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுக்க, வாரன் என்ற மூத்த அறுவை மருத்துவர் வலி தெரியாமல் கழுத்துக் கட்டியை அறுத்துக் காட்டியது அங்கேதான். அந்த அரங்கில் நின்றால் விளக்கப் பலகையே வேண்டாம், சரிந்து இறங்கும் இருக்கை வரிசைகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். லண்டன் சதர்க்கில் ஒரு தேவாலயத்தின் பரண் பகுதியில் 1822ஆம் ஆண்டு அறுவை அரங்கு அப்படியே இருக்கிறது. செயின்ட் தாமஸ் மருத்துவமனை இடம் மாறிப் போனபின் மறந்தே போயிருந்ததை 1950களில் கண்டெடுத்து, 1962இல் மக்களுக்குத் திறந்தார்கள்.

ஆனால் அந்தச் சதர்க் அரங்குக்குப் போக 52 படிகள் உள்ள குறுகிய சுழல் படிக்கட்டில் ஏற வேண்டும். உல்லாசப் பயணிக்கு அது அனுபவம். ஒரு கண்ணில் கட்டோடு மகளின் தோளைப் பிடித்து நடக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கு அந்தப் படிக்கட்டோடு பயணம் முடிந்தது. எழும்பூரில் அத்தகைய படிக்கட்டு இல்லாவிட்டாலும் பழைய கட்டடங்களுக்கே உரிய சங்கடங்கள் வரும். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் கண்ட இடத்தில் துளை போடக்கூடாது. நிலைப்படிகள் உயரமாக இருக்கும். குளிர்சாதனம் வைக்கலாம் என்றால் சுவர் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் விட முக்கியமான குறை, நோயாளி அதைத் தேடிக்கொண்டு போக வேண்டும் என்பது. விடியற்காலையில் பேருந்து ஏறி வந்து வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கியவர், டாக்டர் பார்த்து முடித்ததும் ஊர் திரும்பும் பேருந்தைத்தான் தேடுவார்.

சாலையோரக் கட்டடம்

இதற்கும் நல்ல முன்மாதிரி அதே பாஸ்டன் மருத்துவமனைதான். ஈதர் டோம் இருந்தும், 2012இல் கேம்பிரிட்ஜ் தெருவைப் பார்த்தாற்போல் ரஸ்ஸல் அருங்காட்சியகம் என்று தனிக் கட்டடம் திறந்தார்கள். செப்புத் தகடு போர்த்திய கட்டடம், மேலே தோட்டம், கட்டணம் கிடையாது. தெருவில் போகிறவர் நோயாளியாக இல்லாமலே உள்ளே வரலாம்.

எழும்பூரிலும் இதற்கு ஒரு நியாயம் உண்டு. 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் பக்கத்திலேயே பாந்தியன் சாலையில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பேருந்துகள் ஏற்கெனவே அங்கே வந்து நிற்கின்றன. அதே பிள்ளைகளை அப்படியே இங்கே அழைத்து வரலாம், கண் தானத்தைப் பற்றிச் சின்ன வயதிலேயே பேசலாம். இந்த வழியை ஆதரிப்பவர்களின் வாதத்தில் எனக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான்.

மற்றபடி எனக்கு இதில் உடன்பாடில்லை. அரசு மருத்துவமனை வளாகத்தில் ஒரு சதுர அடி கிடைத்தாலும் அதைக் கேட்க நூறு தேவை வரிசையில் நிற்கும். கூட வந்தவர்கள் நிழலில் உட்கார ஒரு பந்தல், சாப்பிட ஒரு திண்ணை, வெளியூர்க்காரர் இரவு தங்க ஒரு கூடம். இவையெல்லாம் காத்திருக்கும்போது கண்ணாடிச் சுவர் வைத்த மண்டபம் எழுந்தால், மருத்துவமனையின் பெருமையைச் சொல்ல வந்த கட்டடமே நோயாளியின் மனத்தாங்கலுக்குக் காரணமாகிவிடும். அது நியாயமான மனத்தாங்கல்.

பராமரிப்புக் கணக்கும் இருக்கிறது. லண்டன் செயின்ட் தாமஸ் வளாகத்தில் 1989 முதல் இயங்கும் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் அருங்காட்சியகம் தனி அறக்கட்டளை, நுழைவுக் கட்டணத்தை நம்பி வாழ்கிறது. கொரோனா காலத்தில் வருகை நின்றதும் மூடவேண்டி வந்து, 2022இல்தான் மறுபடி திறந்தது. தனியாக நிற்கும் கட்டடத்துக்குக் காவல், மின்சாரம், துப்புரவு எல்லாம் தனித் தனி. மருத்துவமனைக்குள்ளேயே ஒரு பகுதியாக இருந்தால் அந்தச் செலவு பெரும்பாலும் இருக்கிற ஏற்பாட்டிலேயே கரைந்துவிடும்.

காத்திருக்கும் இடம்

கண் மருத்துவமனையில் மட்டும் நடக்கும் ஒரு காத்திருப்பு இருக்கிறது. நர்ஸ் வரிசையாக வந்து சொட்டு மருந்து விட்டு, ‘கண்ணை மூடிட்டு உட்காருங்க, கூப்பிடுவோம்’ என்பார். பாப்பா விரியும்வரை அரை மணியோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார வேண்டும். படிக்க முடியாது, போன் பார்க்க முடியாது, எழுந்து போகவும் முடியாது. பக்கத்தில் பேத்தியோ மருமகளோ கையில் சீட்டையும் பழைய கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, எண் கூப்பிடுவதற்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். வேறெந்த அருங்காட்சியகத்துக்கும் கிடைக்காத பார்வையாளர்கள் இவர்கள். நேரமும் இருக்கிறது, கேட்கிற காதும் இருக்கிறது. தொட்டுப் பார்க்கக் கை இருக்கிறது. அந்தக் கூடத்தை ஒட்டிய ஓர் அறை, அகலமான வாசல், படியில்லாத தளம், உள்ளேயும் எண் கூப்பிடுவது கேட்கும்படி ஒரு ஒலிபெருக்கி. என் தேர்வு இதுதான்.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். தூசும் இரைச்சலும் அதிகம். அசல் ஆவணம் ஒன்றைக்கூட இங்கே வைக்க முடியாது. வரிசை நகர்வதற்குக் குறுக்கே எதுவும் நிற்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தொற்று.

தொட்டுப் பார்க்கும் பொருள்களை வைக்கச் சொல்கிறேனே, இந்த ஊரின் பெயரையே தாங்கிய நோய் எது? மெட்ராஸ் ஐ. எலியட்டுக்குப் பின் இங்கே பொறுப்பில் இருந்த கிர்க்பாட்ரிக், மதராஸில் பரவிய கருவிழி நோயைப் பற்றி 1920இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இன்று அத்தகைய தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் அடினோவைரஸ் என்று தெரியும். அது காய்ந்த பரப்பிலும் பல நாள் உயிரோடு இருக்கும், ஆல்கஹால் கைக்கழுவிக்கு அவ்வளவாக மசியாது, ப்ளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். ஆகவே தொடுபொருள் எதுவானாலும் தினமும் ப்ளீச்சிங் கரைசலால் துடைத்தால் தாங்க வேண்டும். மரமும் துணியும் உதவாது, பித்தளை கறுத்துவிடும். கருங்கல் தாங்கும். மாமல்லபுரத்துச் சிற்பிகளிடம் சொல்லி, குறுக்கே வெட்டிய ஒரு கண்ணை இரண்டடி அகலத்தில் கருங்கல்லில் வடித்து வாங்கலாம். கருவிழியின் வளைவு, அதன் பின்னே லென்ஸ், அடியில் நரம்பு வெளியேறும் இடம் எல்லாம் விரல் நுனிக்குத் தெரியும்படி. அது உடையாது, மின்சாரம் கேட்காது, திருட்டும் போகாது. மெட்ராஸ் ஐ பரவும் மாதங்களில் மட்டும் தொடும் பகுதியை மூடிவிட்டு, ஏன் மூடியிருக்கிறோம் என்பதையே அங்கே ஒலிக்க விடலாம். கிர்க்பாட்ரிக்கின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான சமயம் வராது.

தொடுதிரை வேண்டவே வேண்டாம். இப்போது எந்த அருங்காட்சியகத் திட்டத்திலும் முதலில் நிற்பது அதுதான். கண் தெரியாதவருக்கு அதனால் பயனில்லை, துடைத்துத் துடைத்துக் கெடும், பழுதானால் சரிசெய்ய ஆள் வருவதற்குள் அது கறுத்த பலகையாகிவிடும். ஒலிக்குக் கம்பியோடு சுவரில் பொருத்திய பழைய டெலிபோன் ரிசீவர் போதும். இரைச்சலிலும் கேட்கும். நைட்டிங்கேல் அருங்காட்சியகம் 2010இல் புதுப்பித்தபோது ஒலி வழிகாட்டியை ஸ்டெதாஸ்கோப் வடிவில் செய்தார்கள். யோசனை அழகானது, ஆனால் காதுக்குள் செருகுவதைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நமக்குச் சரிவராது. ரிசீவரைத் துடைப்பது சுலபம். பேச்சு தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

வெளிச்சத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. பாப்பா விரிந்தவருக்கு மங்கல் வெளிச்சம் சுகம். பார்வை குறைந்தவருக்கோ நல்ல வெளிச்சமும் பளிச்சென்ற நிற வேறுபாடும் வேண்டும். போதாக்குறைக்குப் பழைய தாளும் நீர்வண்ணப் படமும் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் தாங்காது என்பது காப்பாளர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. மூன்றையும் ஒரே அறையில் நிறைவேற்ற முடியாது. அதனால்தான் அசலை எலியட் அருங்காட்சியகத்தின் மங்கல் ஒளியிலேயே விட்டுவிட்டு, இங்கே பெரிதாக்கிய நகல்களை மட்டும் வைக்கச் சொல்கிறேன். பொது வெளிச்சம் தணிந்திருக்க, ஒவ்வொரு பலகைக்கும் பார்வையாளர் முகத்தில் படாதபடி மேலிருந்து தனி விளக்கு. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. பலகைக்கு நாற்பது சொல்லுக்கு மேல் கூடாது.

யார் கதை

இடம் முடிவானாலும் கதை சறுக்கிவிடலாம். வழக்கமான வழி, கண்காணிப்பாளர்களின் படங்களை வரிசையாக மாட்டி அடியில் ஆண்டு எழுதுவது. மூத்தவர்களை மதிக்கும் வழக்கம் நல்லதுதான், அதற்கு ஒரு சுவர் ஒதுக்கலாம். கூடம் முழுவதும் அதுவாகிவிட்டால், காத்திருக்கும் பாட்டிக்கு அங்கே என்ன இருக்கிறது?

இரண்டாவது வழி கருவிகளின் கதை. இதில் எழும்பூருக்கு உலகப் பங்கு இருக்கிறது. கண்ணழுத்த நோய்க்கு எலியட் 1909இல் அறிமுகப்படுத்திய அறுவை முறையில், கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில் சிறு வட்டக் கத்தியால் இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போடுவார்கள். உள்ளே தேங்கி அழுத்தும் நீர் அந்த வழியாக மேல்சவ்வுக்கு அடியில் கசிந்து இறங்கிவிடும். மதராஸில் தேறிய இந்த முறை பல நாடுகளுக்கும் போனது. இன்றைக்குச் செய்யும் அறுவைகளும் நீருக்கு மாற்று வழி திறக்கும் அதே கருத்தில்தான் நிற்கின்றன. ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் இரண்டு மில்லிமீட்டர்க் கத்தி, நல்ல பார்வை உள்ளவருக்கே ஊசிபோலத்தான் தெரியும். கருவியை மட்டும் நம்பினால் கதை பேழைக்குள்ளேயே நின்றுவிடும்.

நோயாளியின் கதையை முன்னே வைத்தால் கருவியும் மருத்துவரும் தாமாக உள்ளே வந்துவிடுவார்கள். புரை அறுவையை எடுத்துக்கொள்வோம். எலியட் காலத்திலும் ஊர் ஊராகப் போய்ப் புரையை ஊசியால் குத்திக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடும் வைத்தியர்கள் இருந்தார்கள். சுசுருதர் காலத்திலிருந்து வரும் முறை. தள்ளிய உடனே வெளிச்சம் தெரியும், பிறகு பலருக்குச் சீழ் பிடித்தோ அழுத்தம் ஏறியோ கண்ணே போகும். அப்படிக் கெட்டுப்போன கண்களைச் சேகரித்து ஆராய்ந்துதான் எலியட் 1917இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் ஹன்டேரியன் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். இதை அறிவியல் அறியாமையை வென்ற கதையாக மட்டும் சொல்வது சுலபம். நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் வேறு கேள்வி எழுகிறது: மக்கள் ஏன் அந்த வைத்தியரிடம் போனார்கள்? அவர் வாசலுக்கே வந்தார். மருத்துவமனையிலோ அறுவைக்குப் பின் இரண்டு கண்ணையும் கட்டி, தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுக்க வேண்டும். கூலி வேலைக்காரருக்கு அது எத்தனை நாள் பட்டினி? ஊசியின் நகலையும், மருத்துவமனையில் புரை அறுவைக்குப் பயன்பட்ட கிரேஃபே கத்தியின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் தேர்ந்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டும்.

அடுத்து சோடாபுட்டிக் கண்ணாடி. நம் தாத்தா பாட்டிகளின் முகத்தில் பார்த்த அந்தக் கனத்த கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. புரையோடு லென்ஸையும் எடுத்துவிட்டால் அதன் வேலையைக் கண்ணாடிதான் செய்தாக வேண்டும். அதில் பொருள்கள் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும், ஓரத்தில் ஒரு வளையம் முழுக்க எதுவுமே தெரியாது, தம்ளரை எடுக்கப் போன கை தவறும். 1949இல் லண்டனில் ரிட்லி என்ற கண் மருத்துவர் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். 1992இல் மதுரை அரவிந்தின் ஆரோலேப் குறைந்த விலையில் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது சாதாரண மக்களுக்கும் அதைக் கொண்டுசேர்த்ததில் பெரிய திருப்பம். கூட வந்தவர் அந்தப் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தம்ளரை எடுத்துப் பார்க்கட்டும். இன்று உள்ளே நடக்கப்போகும் அறுவை என்ன கொடுக்கப்போகிறது என்பது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

குழந்தைகளின் பகுதி சிறிதாக இருந்தாலும் கட்டாயம் வேண்டும். வைட்டமின் ஏ குறைவால் கருவிழி கரைந்துபோன குழந்தைகளைப் பற்றி ரைட் என்ற மருத்துவர் 1920களில் மதராஸிலிருந்து எழுதினார். 1970 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டம் இருக்கிறது. மருந்தோடு முருங்கைக் கீரையும் அந்தக் கதையில் வர வேண்டும். தஞ்சை சரபோஜி மன்னர் காலத்துக் கண்நோய்க் குறிப்புகள், ஓவியர் தீட்டிய கண் படங்களோடு, தஞ்சாவூரில் இருக்கின்றன. எழும்பூர் மருத்துவமனையின் தொடக்க ஆண்டுகளும் அதே காலம்தான். அவற்றின் பெரிய நகல் ஒன்று இங்கே இருந்தால், கண் மருத்துவம் கப்பலில் மட்டும் வந்து இறங்கவில்லை என்று சொல்லாமலே தெரியும்.

கண் மாதிரிகளைக் காட்டலாமா?

இதில் என் நிலை உறுதியானது. நாளைக்கு அறுவை செய்துகொள்ளப் போகிறவர் எதிரே, ஜாடியில் மிதக்கும் மனிதக் கண்ணை வைக்கக் கூடாது. பயம் ஒரு காரணம், சம்மதம் இன்னொரு காரணம். லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகம் 2023இல் மறுபடி திறந்தபோது, சார்லஸ் பைர்ன் என்ற மிக உயரமான மனிதரின் எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. தன் உடலைக் கடலில் அடக்கம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு 1783இல் இறந்தவர் அவர். இருநூறு ஆண்டுக்கு மேல் காட்டிவிட்டு எடுத்தார்கள். எழும்பூரின் பழைய மாதிரிகளுக்கு உரியவர்களிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். மாதிரிகள் மாணவர்களுக்கு வேண்டும், எலியட் அருங்காட்சியகத்திலேயே மரியாதையோடு இருக்கட்டும். பொதுக்கூடத்தில் செய்த வடிவங்கள் மட்டும். பழைய நோயாளிக் குறிப்புகளிலிருந்து எடுத்துச் சொல்லும்போதும் பெயரையும் ஊரையும் நீக்கிவிட வேண்டும்.

கண் தானப் பகுதிக்கும் இதே கவனம். இந்தியாவின் முதல் கண் வங்கியை 1945இல் இங்கே தொடங்கி, 1948இல் கருவிழி மாற்று அறுவையைச் செய்தவர் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா. யார் கண் யாருக்குப் போனது என்பதை இரு பக்கத்துக்கும் சொல்லாமல் வைப்பது வழக்கம், கூடமும் அதை மீறக்கூடாது. தானம் கொடுத்தவர் படம் வேண்டாம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும், கண்ணாடி போட்டவரும் புரை அறுவை செய்தவரும்கூடக் கொடுக்கலாம் என்பதைக் கேட்கிற குரலில் சொல்லி, பக்கத்திலேயே பதிவு மேசையை வைத்தால் போதும்.

எங்கே தொடங்குவது

மொத்தத்தில் நான் சொல்வது இரண்டு இடம்: புறநோயாளிகள் பக்கம் ஒரே அறையில் பொதுக்கூடம், அசலும் மாதிரிகளும் இருக்கும் எலியட் அருங்காட்சியகம் மாணவர்களுக்கும் முன்பதிவு செய்து வரும் பள்ளிகளுக்கும். பணம் ஒன்றுக்குத்தான் கிடைக்கும் என்றால் அறைக்கே கொடுக்க வேண்டும், பழைய கட்டடத்தில் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் தொகுப்பு இன்னும் சில ஆண்டு பொறுக்கும்.

டெண்டருக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை இரண்டு. ஓய்வுபெற்ற நர்ஸ்கள், வார்டு ஊழியர்கள், கண்ணாடி கொடுத்தவர்கள், பழைய நோயாளிகள் ஆகியோரின் பேச்சைச் சம்மதம் வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். ரிசீவரில் ஒலிக்கப்போவது இந்தக் குரல்கள்தான், இவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அடுத்து, ஒட்டுப்பலகையில் மாதிரிப் பலகைகளை இரண்டு மூன்று எழுத்தளவில் செய்து, சொட்டு மருந்து விட்டுக் காத்திருப்பவர்களிடம் காட்டி, எது தெரிகிறது, எது கூசுகிறது, ரிசீவர் கைக்கு எட்டுகிறதா என்று கேட்க வேண்டும். வடிவமைப்பாளர் அந்தப் பதில்களை வாங்கிக்கொண்டுபோய் வரைபடத்தைப் போடட்டும்.